வங்கத்தில் மராத்தியக் குதிரைப்படை: வகுப்பில் எப்படிச் சொல்லித்தருவது

நம் தோட்டத்துப் பிள்ளைகள் மராத்தியர் என்றதும் சிவாஜியின் வாளையும் கோட்டையையும் சொல்வார்கள், அதற்கு மேல் போவதில்லை. 1742-லிருந்து 1751 வரை வங்கத்துக் கிராமங்கள் அந்தக் குதிரைகளிடம் பட்ட பாடும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ சனிக்கிழமை வகுப்பு எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) இரண்டை ஒட்டி இந்திய வரைபடம் வரையுங்கள். முதல் புள்ளி திருச்சி. தாத்தா பாட்டி வாயில் கேட்ட ஊர் என்பதால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1741 மார்ச்சில் திருச்சிக் கோட்டையைப் பிடித்து, அதை ஆண்ட சந்தா சாகிபைச் சிறையாகக் கொண்டுபோன மராத்தியத் தலைவர் ரகோஜி போன்ஸ்லேதான் அடுத்த ஆண்டே நாக்பூரிலிருந்து பாஸ்கர் பண்டிதர் தலைமையில் வங்கத்துக்குப் படை அனுப்பினார். வேண்டியது சௌத், அதாவது வரி வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு. பஞ்சகோட் வழியாக ஒரு கோடு இழுத்து பர்த்வானில் நிறுத்துங்கள். ஒரிசாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வங்க நவாப் அலிவர்தி கானை அங்கேதான் வளைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் வங்கத்தில் ஓடும் கங்கையின் கிளையான பாகீரதி ஆற்றை நீலத்தில் தடிமனாகப் போடுங்கள். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆறும் மழையும் புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். மேற்குக் கரை ஊர்கள்தான் திரும்பத் திரும்பச் சூறையாடப்பட்டன, கிழக்கே ஓடியவர்களுக்கு ஆறு வேலியாக நின்றது. ஆனாலும் 1742 மே மாதம் நவாப் வந்து சேருவதற்குள் தலைநகர் முர்ஷிதாபாத்தில் புகுந்து, பெரும் வட்டிக்கடைக்காரரான ஜகத் சேட்டின் மாளிகையைக் கொள்ளையடித்தார்கள். மழைக்காலத்தில் குதிரைப்படை வேகம் இழக்கும். மழை பெய்தால் ரப்பர் மரம் சீவ முடியாது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாஸ்கர் பண்டிதர் கட்வாவில் முகாமிட்டு துர்கா பூஜை நடத்திக்கொண்டிருந்தபோது, செப்டம்பர் கடைசியில், அலிவர்தி படகுகளைக் கோத்துப் பாலம் போட்டு ஆற்றைத் தாண்டி விடியற்காலையில் தாக்கி விரட்டினார்.

இனி ஊர் மக்கள். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த கங்காராம் என்ற வங்கக் கவிஞர், பண்டிதர்கள் சுவடிக்கட்டோடும் பொன் வணிகர்கள் தராசு படிக்கல்லோடும் மீனவர்கள் வலையோடும் ஓடியதை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையையும் கேளுங்கள், உங்கள் லயத்து வீட்டை விட்டு இந்த நிமிடமே ஓட வேண்டுமென்றால் எதை எடுப்பாய் என்று. பதில்களைப் பலகையில் எழுதுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், இது இந்து முஸ்லிம் சண்டையா என்று. இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். மராத்தியருக்கு வழிகாட்டிய மீர் ஹபீப் முஸ்லிம். வீடு எரிந்தவர்களில் பெரும்பகுதி இந்துக் குடியானவர்கள். 1743-ல் ரகோஜியை விரட்ட அலிவர்தி பணம் கொடுத்து வரவழைத்தது மராத்தியரின் தலைமை அமைச்சரான பேஷ்வா பாலாஜி பாஜிராவை, அதுவும் 22 லட்சம் ரூபாய்க்கு. மராத்தியரை மராத்தியரே துரத்தினார்கள்! நவாபையும் நல்லவராக்கிவிடாதீர்கள்: 1744 மார்ச் 31 அன்று மன்கராவில் பேச்சுவார்த்தை என்று கூடாரத்துக்கு அழைத்து பாஸ்கர் பண்டிதரையும் தளபதிகளையும் வெட்டிக் கொன்றார்.

அதற்குப் பிந்தைய படையெடுப்புகளை ஆண்டு ஆண்டாக ஒப்பிக்க வைக்க வேண்டாம், பிள்ளைகள் களைத்துப்போவார்கள். கல்கத்தாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பயந்து வெட்டி, பாதியில் விட்ட மராத்தா அகழியை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள், பிறகு நேரே 1751 ஒப்பந்தத்துக்குப் போங்கள். வங்கம் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், மராத்தியர் சுவர்ணரேகா ஆற்றைத் தாண்டக் கூடாது, ஒரிசா நடைமுறையில் அவர்கள் கைக்குப் போயிற்று. அந்த ஆற்றைச் சிவப்பில் வரையச் சொல்லுங்கள். அந்தப் 12 லட்சத்தை நவாப் யாரிடமிருந்து வசூலித்திருப்பார் என்ற கேள்வியை அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.