மாட்டை அடித்தது புலியா, சிறுத்தையா, செந்நாயா?

நீலகிரியின் மசினகுடி, மாயாறு பக்கம் மேயப் போன மாடு பட்டிக்குத் திரும்பவில்லையா? இருட்டில் தேடப் போகாதீர்கள். அடித்த விலங்கு பக்கத்து உண்ணிச்செடிப் புதரிலேயே படுத்திருக்கும். அந்தி சாய்ந்ததும் மிச்சத்தைத் தின்ன வரும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, நன்றாக வெயில் ஏறியபின் நான்கைந்து பேராகப் பேசிக்கொண்டே வெட்டவெளிப் பக்கமாக நெருங்குங்கள்.

உடலைக் கண்டதும் எல்லோர் கண்ணும் கிழிந்த வயிற்றுக்குப் போகும். நீங்கள் கழுத்தைப் பாருங்கள். புலியும் சிறுத்தையும் பெரிய இரையைத் தொண்டையில் கவ்வி மூச்சடைக்க வைத்தே கொல்லும். மேல்கோரைப் பற்கள் இறங்கிய இரண்டு குழிகளுக்கு நடுவே 4.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் புலி. 3 முதல் 4 செ.மீ. என்றால் சிறுத்தை. மாடு திமிறியதில் தோல் இழுபட்டிருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும்.

அதைவிட உறுதியான சாட்சி தோலுக்கு அடியில் இருக்கிறது. கால்நடை மருத்துவர் தோலை உரிக்கும்போது கடிவாயில் ரத்தம் கட்டிக் கருத்திருந்தால், உயிரோடு இருந்தபோது விழுந்த கடி. ரத்தக்கட்டே இல்லையென்றால் மாடு நோயிலோ வேறெதிலோ செத்திருக்கிறது. பிறகு வந்தது தின்றிருக்கிறது. வனத்துறையிடம் இழப்பீடு கேட்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி, எங்கே தின்னத் தொடங்கியது? புலி பெரும்பாலும் பின்தொடையில் வாய் வைக்கும். இரைப்பையை இழுத்துத் தனியே போட்டுவிடும். சிறுத்தை வயிறு, நெஞ்சுப் பக்கம் தொடங்கும். ஆடோ கன்றோ என்றால் மரத்திலும் ஏற்றிவிடும். செந்நாய்க்குத் தொண்டை வேண்டாம். கூட்டமாகத் துரத்தி, பின்பக்கத்தையும் அடிவயிற்றையும் பிய்த்து, உயிர் போகுமுன்பே தின்னும். பார்க்கக் கொடூரம்தான், ஆனால் 15, 20 கிலோ உடம்போடு கடமானைச் சாய்க்க அதற்கு வேறு வழியில்லை. காது, கால், வால் என்று கண்டபடி கடி, தின்றதோ கொஞ்சம் என்றால் ஊர் நாய்களைச் சந்தேகியுங்கள்.

கால்தடம்: வளர்ந்த புலிக்கு அகலம் 12 செ.மீ.க்கு மேல், சிறுத்தைக்கு 7 முதல் 9. இரண்டிலும் நகம் பதியாது, செந்நாய்க்குப் பதியும். சேற்றில் தடம் விரியும் என்பதால் சிறுத்தைகூடப் புலியாகிவிடும். இறுகிய மண்ணில் உள்ளதை, பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படமெடுங்கள்.

பரிசோதனை முடிந்ததும் உடலை அங்கேயே விட வனத்துறை சொன்னால் விட்டுவிடுங்கள். இரையைப் பறிகொடுத்த புலி, பசிக்கு அடுத்த மாட்டைத்தான் பார்க்கும். விஷம் வைப்பது குற்றம். அதில் புலியோடு, செத்த உடலைத் தின்னும் மாயாற்றுப் பாறுக் கழுகுகளும் சாகும். மாட்டுக்குச் சமீபத்தில் வலிநிவாரண ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுப்பதால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி தடை செய்யப்பட்டது. அப்படிப்பட்ட மருந்து ஏறிய உடலை மட்டும் வெளியே விடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும்.