ஐபோனில் இரண்டாம் முறை ஓடாத வீடியோ

3 நாள் தின்ற சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. எம்பி4 வீடியோ குரோமில் எப்போதும் ஓடியது. ஐபோன் சஃபாரியில் முதல் முறை ஓடும். பக்கத்தை மறுபடி திறந்தால் ஓடாது.

கோடெக்கை (வீடியோவைச் சுருக்கும் முறை) சந்தேகித்து எச்.264-இல் மறுபடி என்கோட் செய்தும் பயனில்லை. வீடியோவின் அட்டவணை இருக்கும் ‘மூவ் ஆட்டம்’ (moov atom) என்ற பகுதியைக் கோப்பின் தொடக்கத்துக்கு நகர்த்தியதும் வீண். கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியை வைத்துச் சர்வரைச் சோதித்தால், சரியாக 206 (கேட்ட துண்டு மட்டும் வருகிறது என்னும் பதில் எண்) வந்தது. திசைதிருப்பியது அதுதான்: கர்ல், சர்வீஸ் ஒர்க்கர் (பக்கத்தின் கோரிக்கைகளை உலாவியில் இடைமறித்துப் பதில் தரும் நிரல்) வழியாகப் போவதில்லை. பக்கத்தின் முதல் திறப்பும் அப்படியே.

சஃபாரி முதலில் ரேஞ்ச் ஹெடரில் (எந்தப் பைட்டுகள் வேண்டும் என்று சொல்லும் கோரிக்கை வரி) 0-1 என்று 2 பைட் மட்டும் கேட்கும். சர்வீஸ் ஒர்க்கர் கேஷிலிருந்து (சேமித்த நகலிலிருந்து) முழுக் கோப்பையும் 200 (முழுப் பதில்) என்று நீட்டினால் ஏற்காது.

சர்வீஸ் ஒர்க்கரில் கோரிக்கை வரும்போது நடக்கும் ஃபெட்ச் நிகழ்வில் ரேஞ்ச் ஹெடர் இருந்தால், கேஷில் உள்ளதை அர்ரே பஃபராக (பைட் வரிசையாக) படித்து, கேட்ட துண்டை மட்டும் வெட்டி, 206 எண்ணும், எந்தத் துண்டு என்று சொல்லும் கன்டென்ட்-ரேஞ்ச் ஹெடரும் சேர்த்து அனுப்பியதும் ஓடியது. கவனிக்க: ரேஞ்சின் கடைசி எண் துண்டில் அடங்கும், வெட்டப் பயன்படும் ஸ்லைஸ் கட்டளையின் கடைசி எண் அடங்காது; ஆகவே 1 கூட்ட வேண்டும். கடைசி எண்ணே இல்லாமலும் கோரிக்கை வரலாம், அப்போது கோப்பின் முடிவுவரை கொடுக்கவும். 206 பதிலைக் கேஷில் போட்டால் பிழை வரும். அதனால் வீடியோவை சர்வீஸ் ஒர்க்கர் நிறுவப்படும் இன்ஸ்டால் நிகழ்விலேயே முழுதாக எடுத்து வைக்கவும்.