பெட்டி தொலைந்த வன்னிக் கலைஞர் அமெரிக்க விசாவுக்குச் சான்று சேர்ப்பது எப்படி

2009இல் முள்ளிவாய்க்கால் வரை சுமந்த பெட்டியில்தான் என் பெரியப்பாவின் சான்றிதழ்களும் மேடைப் படங்களும் இருந்தன, வெளியே வந்தபோது பெட்டி இல்லை. அவர் கூத்து அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கி மேடையேற்றுபவர். "காட்ட என்னட்ட என்ன கிடக்கு?" என்றார். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் பல கலைஞர்கள் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சான்று இன்னும் கிடக்கிறது, ஆனால் மற்றவர்கள் கையில்.

முதலில் விதி. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற அசாதாரண திறமை உள்ளவர்களுக்கு இருக்கும் பிரிவு ஈபி-1ஏ. வேலை தருபவர் தேவையில்லை, ஐ-140 என்ற மனுப் படிவத்தை நீங்களே போடலாம். ஒஸ்கார் அளவுக்கு ஒரு விருது இருந்தால் அதுவே போதும், இல்லையென்றால் பத்து வகைச் சான்றுகளில் குறைந்தது மூன்று வேண்டும். நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியவை விருது, உங்களைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரை, நடுவராக இருந்தது, பேர்பெற்ற அமைப்பில் முக்கிய பங்கு, ஓவியர் என்றால் கண்காட்சி. மூன்று சேர்ந்துவிட்டால் விசா உறுதி என்று நினைக்க வேண்டாம். துறையின் உச்சியில் நிற்கும் சிலரில் இவரும் ஒருவரா, நாடளவிலாவது புகழ் நீடிக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். ஊருக்குள் மட்டும் உள்ள பேர் போதாது, இதை வேதனையோடுதான் சொல்கிறேன்.

சரி, தேடுவது எங்கே? வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களுக்குக் கொழும்பில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். விழா மலர்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளம். கட்டுரையின் தலைப்பு, திகதி, எழுதியவர் பெயர் மூன்றும் தெரிய வேண்டும், பட்டியலில் உங்கள் பெயர் ஒரு வரியில் வந்திருந்தால் அது கணக்கில்லை. விருதுப் பதிவுகளைப் பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வெளிநாட்டுச் சொந்தங்களின் அல்பங்களை மறக்க வேண்டாம், பெரியப்பா வேடம் கட்டிய படம் ஒன்று கனடாவில் ஒரு வீட்டில்தான் கிடைத்தது.

எங்கும் இல்லையா? மூல ஆவணம் கிடைக்காது என்பதைக் காட்டி அடுத்தநிலைச் சான்று, அதாவது அதே விடயத்தைக் காட்டும் வேறு பதிவு, கொடுக்கலாம், அதுவும் இல்லையென்றால் நேரில் அறிந்த, விண்ணப்பத்தில் சம்பந்தப்படாத இரண்டு பேராவது சத்தியக்கடதாசி கொடுக்கலாம். எந்த வருடம், எந்த மேடை, தனக்கு எப்படித் தெரியும் என்று அதில் இருக்க வேண்டும். விருது கொடுத்த அலுவலகத்திடம் "பதிவுகள் அழிந்துவிட்டன" என்று எழுத்தில் வாங்கி முன்னால் வையுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "சிறந்த கலைஞர், நல்ல மனிதர்" என்று எழுதிய கடிதத்தால் பயனில்லை. உங்களோடு வேலை செய்யாமலே, உங்கள் கலையால் மட்டும் உங்களை அறிந்த ஒரு பேராசிரியர், நீங்கள் என்ன மாற்றினீர்கள், அதை யார் பின்பற்றுகிறார்கள் என்று எழுதினால் அதற்குக் கனம் அதிகம். கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் தெரியாது, அண்ணாவியார் என்றால் யார் என்றும் தெரியாது, கலாபூஷணம் அரச விருது என்பதும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்க விளக்கமும் அதற்கு ஆதாரமும் வேண்டும்.

இல்லாத கட்டுரையை அச்சடித்துத் தருகிறேன் என்று ஒரு முகவர் எங்களிடமும் வந்தார். தொடவே வேண்டாம், பிடிபட்டால் வாழ்நாள் தடையே வரலாம்.

அப்புறம், தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது முழுமையானது, சரியானது, தனக்கு அந்தத் தகுதி உண்டு என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதியும் கட்டாயம். அங்கே போயும் இதே கலையைத்தான் செய்வீர்கள் என்பதற்கு அழைப்புக் கடிதங்களோ உங்கள் திட்டமோ சேருங்கள். பெரியப்பா எழுதியது இரண்டு பக்கம்: எந்தக் கூத்தை, எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த நகரில் பழக்கப் போகிறார் என்று.