மாம்பழச் சாக்கோடு கொழும்புக்கு

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் யாராவது ஒரு மச்சான் கார்த் திறப்பை நீட்டுவார். "சும்மா நிற்கிற கார்தானே, கொழும்பு வேலைகளை இதிலேயே முடித்துக்கொண்டு வா" என்பார். வாங்காதீர்கள். நானும் வாங்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

2024 ஆனி மாதம் எனக்கு வேறு வழியும் குறைவாக இருந்தது. மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் தண்டவாளத் திருத்த வேலை நடந்ததால் கொழும்புக்கு நேர் ரயில் இல்லை. இரவு பஸ் இருந்தது. மாலையில் ஏறினால் விடியும்போது வெள்ளவத்தையில் காலி வீதியிலேயே இறக்கிவிடுவார்கள். ஆனால் அம்மா ஐந்து வீடுகளுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கட்டி வைத்திருந்தார். சணல் சாக்கில் வைக்கோல் போட்டு, காம்பு மேலே பார்க்க அடுக்கியது. பஸ்ஸின் பெட்டி அறைக்குள் போட்டால் நசிந்துவிடும் என்று அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. இருபத்தெட்டு வருடமாக அந்த மரத்தடியில் நில்லாத பிள்ளை என்ன பதில் சொல்வது?

முதலில் அனுமதிப்பத்திரம். உங்கள் கனடா, லண்டன், ஜெர்மனி அட்டையை மட்டும் காட்டி இலங்கையில் ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கையில் இருந்தாலும் உள்ளூர் அங்கீகாரம் தேவை. அந்தக் காகிதத்துக்காகவே எனக்கு வந்து இறங்கிய முதல் நாள் கொழும்பில் போயிற்று. 2025 ஓகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குள்ளேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கும் கருமபீடம் திறந்துவிட்டார்கள். வெளியே வருவதற்கு முன் அங்கே விசாரியுங்கள். வரவேற்க வந்தவர்கள் அரை மணி நேரம் கூட நிற்பார்கள், அவர்களுக்குப் பழக்கம்.

பாதையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏ9 வீதியில் வவுனியா தாண்டி மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், பிறகு சிலாபம், நீர்கொழும்பு. விடியப் புறப்பட்டு வெளிச்சத்தோடு போய்ச் சேருங்கள். முதல் ஒரு மணி நேரம் சிக்னல் போடப் போய் மழை துடைப்பானைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஜப்பான் கார்களில் அது மறுபக்கம். யாரும் சிரிக்க மாட்டார்கள், பக்கத்தில் இருக்கும் மாமாவைத் தவிர.

கொழும்பு தொடங்குவது கட்டுநாயக்கவுக்குப் பிறகுதான். அங்கிருந்து பேலியகொட வரை அதிவேகவீதி, இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். தாய்நாடு இவ்வளவு சுலபமா என்று தோன்றும் நேரத்தில் களனிப் பாலம் வந்துவிடும், அதோடு அந்த எண்ணம் போய்விடும். உங்களுக்கு வத்தளையிலோ ஜா-எலயிலோ ஒரு சொந்தக்காரர் இருந்தால் காரை அவர் வீட்டு வளவுக்குள் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். இல்லையென்றால் கெரவலப்பிட்டியில் பிரிந்து வெளிச்சுற்று அதிவேகவீதியால் கொட்டாவை வரை போகலாம். அங்கே மாகும்புறவில் காரை விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ நகரத்துக்குள் போவதற்கென்றே ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள். 138ஆம் இலக்க பஸ் அந்தப் பக்கத்திலிருந்து மகரகம, நுகேகொட வழியாகப் புறக்கோட்டைக்கு ஓடுகிறது. வடக்கிலிருந்து வருபவருக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். இருந்தாலும் நான் பட்டதை விட அது மேல்.

வெள்ளவத்தை உறவினர் வீட்டில் காரை விடலாம் என்று நம்பி வருபவர்கள், புறப்படும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தரிப்பிடம் உங்களுடையதா, இப்போது காலியாக இருக்கிறதா?" தொடர்மாடியில் ஒரு வீட்டுக்கு ஒரு இடம். கார் இல்லாதவர்கள் அதை மாத வாடகைக்குக் கொடுத்திருப்பார்கள். என் மாமி அதைக் கடைசி நிமிடத்தில்தான் சொன்னார். "ஒழுங்கையில் விடு தம்பி, இங்கே எல்லோரும் அப்படித்தான்" என்றார். வீதியோரக் கட்டணத் தரிப்பிடங்களில் கையில் சிறிய இயந்திரத்தோடு ஒருவர் வந்து துண்டு தருவார். துண்டைக் கேட்டு வாங்குங்கள். துண்டு இல்லாமல் கையை மட்டும் நீட்டுபவர் வேறு தொழில் செய்கிறார். பெரிய கடைத்தொகுதிகளுக்குக் கீழே இடம் கிடைக்கும். பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் சிற்றியோ காலிமுகத்திடலுக்கு எதிரில் இருக்கும் வன் கோல் ஃபேஸோ, காசைப் பார்க்காமல் விடுங்கள். நான் காசைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் நான்காவது சாக்கைக் கொடுக்கப் போனோம். எந்த வீதி என்று எழுதினால் அந்த வீட்டுக்காரர் கோபிப்பார். வரிசையாக ஐந்து கார்கள் நின்றன, ஆறாவதாக நான் விட்டேன். கூட வந்த மாமாவின் ஒரே வேலை காருக்குள் இருப்பது. ஆள் உள்ளே இருந்தால் அது நிறுத்தம், ஆள் இறங்கிவிட்டால் தரிப்பு. முன்னால் நின்ற ஐந்து கார்களிலும் சாரதிகள் ஆசனத்தைச் சரித்துப் படுத்திருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். ஆனால் மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. அக்கா கொடுத்துவிட்ட பழத்தை அவர் தன் கையால் கொடுக்காவிட்டால் அது கொடுத்ததாக ஆகாதாம். சாக்கின் ஒரு காதை நானும் மறு காதை அவருமாகப் பிடித்துக்கொண்டு படியேறினோம். தேநீர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வந்தது. இறங்கி வந்தபோது கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் எழுதிக்கொண்டு நின்றார்.

என் மகனின் வயதுதான் இருக்கும். கடுமையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அனுமதிப்பத்திரத்தைக் கேட்டார். நான் தற்காலிக அனுமதியையும், அதன் மேல் கனடா அட்டையையும், அதற்கும் மேல் கடவுச்சீட்டையும் சேர்த்து நீட்டினேன். அவர் கேட்டது ஒன்று. 1996இல் இதே நகரத்தில், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காக ஏழு மாதம் ஒரு லொட்ஜில் இருந்தவன் நான். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, லொட்ஜ்காரர் கடிதம் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் மடித்துச் சட்டைப் பைக்குள் எப்போதும் இருக்கும். காக்கியைக் கண்டதும் கை தானாகவே அத்தனையையும் எடுத்துக் கொடுத்துவிடும். கை இன்னும் மறக்கவில்லை. அவர் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார். மற்ற இரண்டையும் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு தண்டச் சீட்டைக் கிழித்துத் தந்தார். ஆகவே எழுதுகிறேன்: கேட்டதை மட்டும் கொடுங்கள்.

தண்டம் பெரிய காசு இல்லை. ரொறன்ரோவில் ஒரு மதியச் சாப்பாட்டுக்கும் காணாது. ஆனால் அதைக் கட்ட வேண்டியது தபால் கந்தோரில், அட்டையைத் திரும்ப எடுக்க வேண்டியது பொலிஸ் நிலையத்தில். நாங்கள் தபால் கந்தோரைக் கண்டுபிடித்துப் போனபோது கதவு சாத்தியிருந்தது. மறுநாள் வெள்ளி, பொசொன் போயா என்ற பௌர்ணமி நாள், நாடு முழுக்க விடுமுறை. போயா நாட்களை நாள்காட்டியில் பார்த்துக் குறித்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள். மாதம் ஒன்று தப்பாமல் வரும். நமக்கு அது ஒருகாலத்தில் தெரிந்திருந்தது. இப்போது தண்டத்தை இணையத்தில் கட்டும் முறையை 2025இல் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்குள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

வெள்ளி முழுக்க மாமியின் வீட்டில் இருந்தேன். பின்னேரம் தாங்க முடியாமல், காரை அப்படியே விட்டுவிட்டு வெள்ளவத்தையில் ரயில் ஏறினேன். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை. கொழும்புக்குள் போக்குவரத்துக்கு இதை விட நல்ல ஆலோசனை என்னிடம் இல்லை. தண்டவாளத்துக்குக் கீழே கடல், திறந்த வாசலில் உப்புக் காற்று, சிக்னலும் இல்லை, தரிப்பிடமும் வேண்டாம். கோட்டை நிலையத்துக்கு எதிர்ப்புறமே புறக்கோட்டை. செட்டியார் தெருவில் நகை பார்க்கப் போகிறவர்கள் காரைக் கொண்டு போவதைக் கனவிலும் நினைக்க வேண்டாம். கோட்டையிலிருந்து நடக்கலாம், அல்லது ஓட்டோவைச் செயலியில் அழைக்கலாம். பத்தரமுல்லைப் பக்கம் அலுவலக வேலை உள்ளவர்களுக்குக் கொள்ளுப்பிட்டியிலிருந்து 177ஆம் இலக்க பஸ் இருக்கிறது.

சனி காலை காசு கட்டினேன். பொலிஸ் நிலையப் படியில் ஏறும்போது மாமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைப் பிடித்தேனா, அவர் என்னைப் பிடித்தாரா தெரியவில்லை. உள்ளே ஐந்து நிமிடமும் ஆகவில்லை. பெயரை வாசித்து, பற்றுச்சீட்டைப் பார்த்து, இரண்டு அட்டைகளையும் தந்துவிட்டார்கள். வெளியே வந்து மாமா கேட்டார்: "இவ்வளவுதானா?"

புறப்படுவதற்கு முந்திய நான்கு நாட்களில் கொழும்பு வேலை எதையும் வைக்காதீர்கள். எனக்குத் திங்கட்கிழமை விமானம். சனி இரவு பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அம்மா விழித்திருந்தார். ஐந்து வீட்டுக்கும் பழம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்டார். ஐந்தாவது சாக்கு பின்னாசனத்தின் கீழே கனிந்து வழிந்துகொண்டிருந்தது. ஞாயிறு மாலை எனக்கு இரவு பஸ். அன்று காலையில் பாதி, மச்சானின் காரிலிருந்து அதைக் கழுவி எடுப்பதிலேயே போயிற்று. அம்மா வாளியில் தண்ணீர் எடுத்துத் தந்துகொண்டிருந்தார்.