மார்ச் மாத ஈற்று: மொன்டானா மாட்டுப் பண்ணையில் செய்யக்கூடாதவை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தூக்கம் கெடுகிற மாதம் மார்ச். சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். ஜூன் முதல் வாரம் காளையைச் சேர்த்தால், மார்ச் இரண்டாம் வாரம் கன்று விழத் தொடங்கிவிடும். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்று மூன்றே பேர் இருநூறு முந்நூறு சினைமாடுகளைப் பார்த்துக்கொள்வது அங்கே சாதாரணம். அப்படி ஒரு நண்பர் வீட்டில் ஒரு மார்ச் மாதம் கூடமாட ஒத்தாசைக்கு இருந்தேன். கீழே வருகிற தவறுகளில் பாதி நான் செய்தவை.

முதல் தவறு, தெர்மாமீட்டரைப் பார்த்துப் பயப்படுவது. மைனஸ் 15 டிகிரி. மாட்டின் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கிறது. ஐயோ பாவம் என்றேன். நண்பரின் மாமனார் சிரித்தார். உடல் சூடு வெளியே கசியவில்லை, அதனால்தான் பனி உருகவில்லை. அந்த மாடு சுகமாக இருக்கிறது என்று பொருளாம். அடர்ந்த குளிர்கால ரோமம் காய்ந்திருந்தால் மைனஸ் 8 டிகிரி வரை மாட்டுக்குக் கூடுதல் தீனிகூட வேண்டாம். அதே ரோமம் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே குளிர் உறைக்க ஆரம்பித்துவிடும். ஆக, கூடுதல் வைக்கோலை விரிக்க வேண்டியதும், மாடுகளைக் காற்றுத் தடுப்பு வேலிக்குப் பின்னால் ஓட்ட வேண்டியதும் கடுங்குளிருக்கு முன்னால் அல்ல, 2 டிகிரியில் மழையும் பனியும் கலந்து அடிக்கப்போகிற நாளுக்கு முன்னால். அந்த ஊர் வானிலையும் சொன்னபடி கேட்காது. 1972 ஜனவரியில் மொன்டானாவின் லோமா என்ற ஊரில் 24 மணி நேரத்துக்குள் மைனஸ் 48-இலிருந்து 9 டிகிரிக்கு ஏறியிருக்கிறது.

அடுத்தது, காலையில் தீனி போடுவது. நம் ஊர்ப் பழக்கம் அதுதான், ஆனால் ஈற்று மாதத்தில் அது வேண்டாம். அந்தி சாயும் நேரம் பார்த்து ஒரே வேளையாகத் தீனி போட்டால் பெரும்பாலான மாடுகள் பகலில் ஈனுகின்றன. இரவில் தீனி போட்டால் பகலில் ஈனும் என்று கனடாவின் மானிட்டோபாவைச் சேர்ந்த கஸ் கோனெஃபல் என்ற பண்ணைக்காரர் கவனித்துச் சொன்னார். அவர் பெயராலேயே அந்த முறையைச் சொல்கிறார்கள். ஈற்றுக்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு பட்டிக்குப் போனவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஈற்றில் கை வைப்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் பதறிப்போய் உடனே இழுக்கிறார்கள், சிலர் விடியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பனிக்குடம் தெரிந்து தலையீற்றுக் கிடேரி ஒரு மணி நேரமாக, ஈன்று பழகிய மாடு அரை மணி நேரமாக முக்கியும் ஒன்றும் நகரவில்லை என்றால் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு குளம்பு தெரிகிறதே என்று சங்கிலி மாட்டிவிடாதீர்கள். உள்ளங்குளம்பு வானத்தைப் பார்த்தால் அவை பின்னங்கால்களாக இருக்கலாம். தரையைப் பார்த்தாலும் தலை கூடவே வருகிறதா என்று தடவிப் பாருங்கள். சங்கிலியைக் கணுவுக்கு மேல் ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று போடுவார்கள்; ஒரே சுற்றில் இழுத்தால் பாரம் முழுக்க ஒரே இடத்தில் ஏறிக் கால் முறியும். மாடு முக்கும்போது மட்டும்தான் இழுக்க வேண்டும்.

கன்று விழுந்த பிறகுதான் நேரம் பொன்னாகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி போவதில்லை; எல்லாம் சீம்பாலில்தான். கன்றின் குடல் அதை உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். கன்றின் வாய்க்குள் விரலை விடுங்கள். உள்ளே ஜில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் இல்லை என்றால், தானே எழுந்து குடிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. பிக்கப் வண்டியில் ஹீட்டர் காற்று அடிக்கிற இடத்தில், கால் வைக்கும் தரையில் போடுவார்கள். உடல் சூடு 34 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் நேராக வீட்டுக் குளியல் தொட்டிதான், 38 முதல் 40 டிகிரி வெந்நீரில். நான் செய்த தவறு அதற்குப் பிறகு வந்தது. மேலாகத் துடைத்துவிட்டுத் தாயிடம் கொண்டு விட்டேன். வயிற்றடியில் ரோமம் ஈரமாகவே இருந்தது. அரை மணி நேரத்தில் மறுபடி நடுக்கம். கன்று பிழைத்துக்கொண்டது, காது நுனி இரண்டும் உறைந்து உதிர்ந்துபோயின.

உறைய வைத்த சீம்பாலை அவசரத்தில் மைக்ரோவேவில் சூடாக்கிக் கொதிக்க விடுவதும் உண்டு. அதற்குப் பிறகு அது வெறும் பால். கை பொறுக்கும் வெந்நீரில் வைத்துத்தான் உருக்க வேண்டும்.

வைக்கோல் உருண்டையில் சுற்றிய பிளாஸ்டிக் வலை பனியில் ஒட்டிக்கொண்டு வராது. சரி போகட்டும் என்று அப்படியே போட்டால் இரைப்பையில் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கும். தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியைத் தினமும் உடைக்காவிட்டால் மாடு தீனியையும் குறைத்துக்கொள்ளும்.

எல்லா மாடும் ஒரே பட்டியில் ஈனுவது பார்க்கிறவருக்கு வசதி, கழிச்சல் கிருமிக்கு அதைவிட வசதி. முதலில் பிறந்த கன்று பெருக்கிவிட்ட கிருமி, கடைசியில் பிறந்ததைக் கொன்றுவிடும். நெப்ராஸ்கா மாநிலத்தின் மணற்குன்றுப் பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஈன்றதைக் கன்றோடு அங்கேயே விட்டுவிட்டு, ஈனாத மாடுகளை வாரத்துக்கு ஒரு தடவை புது மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவது. நிலம் அதிகம் வேண்டும்தான்.

காதுப் பட்டை மாட்டும்போது கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் முதுகைக் காட்டி நிற்காதீர்கள். ஆங்கஸ் இன மாடு சாது என்பது ஈன்ற அன்றைக்குப் பொருந்தாது. அப்புறம், பட்டை எண், தாய் எண், தேதி எல்லாம் எழுதும் சட்டைப்பை நோட்டு. துவைக்கப் போடுவதற்கு முன் பையைத் தடவிப் பாருங்கள். நாற்பத்தொரு கன்றின் விவரம் வாஷிங் மெஷினில் கூழானதற்கு அந்த வீட்டில் இன்றும் என் பெயரைத்தான் சொல்கிறார்கள்.