புற்றுநோய் வைத்தியத்துக்கு உதவி கேட்பது எப்படி? முதல் தடவை ஓடுகிறவர்களுக்கு

சித்தப்பா கொத்தனார். கன்னத்துக்குள் ஆறாத புண் ஒன்று இருந்தது. பயாப்சி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்த அன்றே பயந்துபோய், அருகிலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்துவிட்டோம். பத்து நாளில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறை வாடகை என்று 80,000 ரூபாய் போனது. சித்தியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் உதவி கேட்டு அலைய ஆரம்பித்தோம். போன இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான்: "கட்டி முடித்த பில்லுக்குத் தர மாட்டோம், இனி வரப்போகும் செலவுக்கு எஸ்டிமேட் கொண்டு வாங்க."

அந்த ஒரு பாடத்துக்காகத்தான் இந்தப் பதிவு. தமிழ்நாட்டில் புற்றுநோய் வைத்தியத்துக்கு உதவி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. காகிதம் முன்னால் போக வேண்டும், பணம் பின்னால் வர வேண்டும். எங்களுக்கு அது தலைகீழாகிவிட்டது.

படி 1: பைலுக்கு ஓர் ஆள்

நோயாளியின் பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுத்து, துணி மாற்றுகிறவரிடம் காகித வேலையையும் கட்டாதீர்கள். சித்தி இரண்டையும் செய்யப் பார்த்து மூன்றாவது வாரம் மயங்கி விழுந்தார். மருமகனோ, தம்பி மகளோ, காலேஜ் படிக்கும் பிள்ளையோ, ஒருவர் பைலுக்கு மட்டும் பொறுப்பு எடுக்கட்டும்.

பைலில் இருக்க வேண்டியவை: பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம், பத்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ். எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். பயாப்சி எடுத்த இடத்தில், எடுத்த சதைத் துணுக்கைப் பதித்து வைத்த 'பிளாக்' என்ற மெழுகுக் கட்டியும் 'ஸ்லைடு' என்ற கண்ணாடித் தகடும் இருக்கும். வேறு மருத்துவமனைக்கு மாறும்போது அங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள். மறக்காமல் எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

படி 2: காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். எங்கள் ஊரில் இன்னும் 'கலைஞர் கார்டு' என்றுதான் சொல்கிறார்கள், 2009-ல் அந்தப் பெயரில்தானே தொடங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் மூன்றும் இதில் வரும். அரசு மருத்துவமனையிலும், திட்டப் பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனையிலும் செல்லும்.

அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையிலோ வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். "இரண்டாயிரம் கொடுங்க, நாளைக்கே கார்டு" என்று வாசலில் நிற்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

பெரும்பாலும் சிக்கல் வருவது ரேஷன் கார்டில்தான். கல்யாணம் ஆன பெண்ணின் பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டில் இருக்கும். தனியாக இருக்கும் அம்மாவின் பெயர் எந்த மகன் கார்டிலும் இருக்காது. ஆதாரில் 'முருகேசன்', கார்டில் 'முருகேஷ்' என்றிருக்கும். இதைச் சரிசெய்ய நாள் பிடிக்கும் என்பதால், நோய் என்று தெரிந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. மருத்துவமனை முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி முன் அனுமதி வாங்கும், அதன் பிறகுதான் சிகிச்சை. ஒவ்வொரு சுற்று கீமோவுக்கும் அனுமதி வந்துவிட்டதா என்று காப்பீட்டு கவுண்டரில் கேட்டுக்கொண்டே இருங்கள். வாய் இருக்கிற பிள்ளைதான் பிழைக்கும்.

படி 3: எங்கே சேர்ப்பது, அங்கே யாரைப் பார்ப்பது

எந்த மருத்துவமனை சரி என்று நான் சொல்ல முடியாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது. காசு இல்லாதவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட இடங்கள் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக ஊரெல்லாம் நிதி திரட்டிக் கட்டியது அது. அங்கே 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. கை நீட்டிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்: நீங்கள் போகும் அந்தக் கட்டடமே ஒருவர் கேட்டு வாங்கிய பணத்தில் எழுந்ததுதான்.

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, அது அரசு மருத்துவமனை. இவை இரண்டும் மண்டலப் புற்றுநோய் மையங்கள். மத்திய அரசின் சுகாதார அமைச்சர் புற்றுநோயாளர் நிதி (2009-ல் வந்தது) இப்படிப்பட்ட மண்டல மையங்கள் வழியாகத்தான் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கீமோ கிடைத்தால் பஸ் செலவும் தங்கும் செலவும் மிச்சம்.

சேர்ந்தவுடன் பார்க்க வேண்டியவர் மருத்துவ சமூகப் பணியாளர். பெரிய மருத்துவமனைகளில் இவருக்கென்று ஓர் அறை இருக்கும். போர்டு கண்ணில் படாது, நர்ஸிடம் கேளுங்கள். எந்த அறக்கட்டளை எந்த நோய்க்குக் கொடுக்கிறது, எந்தச் சத்திரத்தில் இன்றைக்கு இடம் இருக்கிறது, யார் மத்தியானச் சாப்பாடு போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. நாங்கள் நாற்பது நாள் கழித்துத்தான் அந்த அறைக் கதவைத் தட்டினோம். அன்றைக்கு மட்டும் மூன்று வேலை முடிந்தது.

படி 4: காப்பீடு எட்டாத செலவுக்கு

காப்பீட்டில் அடங்காத மருந்து, வரம்பைத் தாண்டிய தொகை என்று ஏதாவது நிற்கும். அதற்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதி ஒரு வழி. அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனையாகவோ அரசு மருத்துவமனையாகவோ இருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு போட்டோ, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, டாக்டர் கையெழுத்திட்ட எஸ்டிமேட் ஒரிஜினல் வேண்டும். தொகை முழுதும் வராது, ஒரு பங்குதான் வரும். அதுவும் உங்கள் கைக்கு வராமல் மருத்துவமனைக்கே போகும். ஏற்கெனவே செலவழித்ததற்கு இங்கேயும் கிடைக்காது.

பிறகு அறக்கட்டளைகள். இங்கேதான் கடிதம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். நான் முதலில் எழுதிய கடிதம் நான்கு பக்கம். கண்ணீர் வடிக்கும் கடிதம். பதிலே வரவில்லை. சமூகப் பணியாளர் அம்மா அதை வாசித்துவிட்டு, "தம்பி, இதில் எவ்வளவு வேணும்னே போடலியே" என்றார். அவர் உட்காரவைத்து, சித்தி பெயரில் எழுத வைத்தது ஏறக்குறைய இப்படி:

*மதிப்புக்குரிய அறங்காவலர் அவர்களுக்கு,*
*என் கணவர் கொத்தனார், வயது 52. வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். மருத்துவமனைப் பதிவு எண் இணைத்துள்ளேன். அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டில் முடிந்தது. அடுத்து 30 நாள் ரேடியேஷன், அதற்கும் காப்பீடு கிடைத்துவிட்டது. வாரத்துக்கு ஐந்து நாள் என்பதால் ஆறு வாரம் சென்னையில் தங்க வேண்டும். வாடகை 12,000, குழாய் வழி உணவு 9,000, ஆட்டோ 3,000, ஆக 24,000 ரூபாய். எங்களால் 10,000 முடியும். மீதி 14,000 ரூபாய் உதவ வேண்டுகிறேன். தொகையைத் தங்கும் விடுதிக்கே நேரடியாகச் செலுத்தினாலும் சரி.*

ஒரு பக்கம்தான். என்ன நோய், எங்கே சிகிச்சை, எது முடிந்தது, எதற்கு, எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு. கடைசி வாக்கியம் முக்கியம். பணத்தை நம் கையில் கொடுக்க வேண்டியதில்லை என்று நாமே சொன்னால் அவர்களுக்குத் தயக்கம் போய்விடும். வேறு இடத்தில் ஏதாவது கிடைத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அறக்கட்டளைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

படி 5: தங்குமிடம், ரயில்

'கரண்ட் வைக்கிற', அதாவது ரேடியேஷன் கொடுக்கிற ஆறு வாரமும் சிகிச்சை பதினைந்து நிமிஷம்தான், மிச்சப் பொழுது முழுக்கக் காத்திருப்பு. லாட்ஜில் தங்கினால் கட்டுப்படியாகாது. பெரிய மருத்துவமனைகளைச் சுற்றி அறக்கட்டளைகள் நடத்தும் தங்குமிடங்கள் இருக்கும், சமூகப் பணியாளர் சீட்டு கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். நோயாளி குழந்தையாக இருந்தால் செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் மையங்களைக் கேளுங்கள். 2006-ல் மும்பையில் தொடங்கியது, சென்னையிலும் வேலூரிலும் இருக்கிறது. சிகிச்சை முடியும்வரை குழந்தையும் பெற்றோரும் இலவசமாகத் தங்கலாம்.

ரயில் சலுகை பலருக்குத் தெரியாது. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணச் சலுகை 100 சதவீதம், கூட வருகிறவருக்கு 75 சதவீதம். இரண்டாம் வகுப்பிலும் ஏ.சி. சேர் காரிலும் இருவருக்கும் 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும், அதோடு முன்பதிவு கவுண்டருக்குப் போக வேண்டும்.

படி 6: மருந்துச் சீட்டு

2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபத்தை 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள், விலை இறங்கியது. அப்படியும் ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி பல மடங்கு விலை வித்தியாசத்தில் இருக்கும். "டாக்டர், இதே மருந்து விலை குறைவாக வேறு கம்பெனியில் இருக்கா?" என்று கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். வாந்தி மாத்திரை, வலி மாத்திரை போன்றவற்றை மக்கள் மருந்தகத்திலும், 2025-ல் வந்த முதல்வர் மருந்தகத்திலும் பாருங்கள். கீமோ மருந்தை மட்டும் டாக்டர் சொல்லாமல் மாற்ற வேண்டாம்.

படி 7: இணையத்தில் நிதி திரட்டுவது

மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் இருக்கின்றன. எனக்கு இதில் அரை மனசுதான். தெரிந்த வட்டம் பெரிதாக இருப்பவர்களுக்கே பணம் சேர்கிறது, கொத்தனார் வீட்டுக்கு யார் பகிர்வார்கள்? செய்வதாக இருந்தால் தளம் எவ்வளவு பிடித்தம் செய்யும் என்று முதலில் படியுங்கள். நோயாளியிடம் கேட்காமல் அவர் முகத்தைப் போடாதீர்கள். கட்டுப் போட்ட கன்னத்தோடு தன் படம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்த சித்தப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதைப் போட்டது நான்தான்.

படி 8: சொந்தக்காரர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது

வாய் திறக்க முடியாதவருக்கு எங்கள் சொந்தம் ஐந்து கிலோ ஆப்பிள் கொண்டு வந்தது. தப்புச் சொல்ல முடியாது, என்ன வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அடுத்த தடவை அத்தை போன் செய்தபோது, "மூக்குக் குழாய்க்கு வடிகட்டிய கஞ்சிதான் அத்தை போகும். அதுக்கு ஒரு நல்ல மிக்ஸி வேணும்" என்றேன். அன்று சாயங்காலமே வந்தது. மாமா வாரம் இரண்டு நாள் ராத்திரி காவல். தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்தது பக்கத்து வீட்டு அக்கா. அண்ணன் நண்பர்கள் ஐந்து பேரின் ரத்த வகையை எழுதி வைத்திருந்தோம். கீமோவில் ரத்தத்தின் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இறங்கும்போது திடீரென்று ரத்தம் கேட்பார்கள், அந்த நேரத்தில் ஆள் தேடக் கூடாது.

படி 9: வலி

இதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், ஆனால் எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். வலி தணிப்புச் சிகிச்சை என்றால் 'கைவிட்டுவிட்டார்கள்' என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். சிகிச்சை நடக்கும்போதே அதுவும் நடக்கும். மார்ஃபின் மாத்திரையை அனுமதி பெற்ற மருத்துவமனைகளில்தான் தருவார்கள். டாக்டர் சொன்ன அளவில் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை, மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கு மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நர்ஸ் வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாத நிலையில், சென்னை மாத்தூரில் ஜீவோதயா இருக்கிறது. புற்றுநோயாளிகளுக்கென்றே நடக்கும் இல்லம், கட்டணம் வாங்குவதில்லை.

சிகிச்சை முடிந்தது என்று பைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். மறுபரிசோதனை வருடக்கணக்கில் ஓடும், ஒவ்வொரு தடவையும் பழைய ரிப்போர்ட் கேட்பார்கள். ரயில் சலுகை அதற்கும் உண்டு. எங்கள் பைல் இருக்கும் மஞ்சள் பை சித்தி வீட்டு பீரோவுக்கு மேலே இருக்கிறது. அடுத்த தேதி ஆவணி மூன்றாம் வாரம்.