பவளத் தொட்டியிலிருந்து பழைய செராமிக் மீடியாவை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு வருடமாக நான் முழுதாகத் திறந்து பார்க்காத கேனிஸ்டர் ஃபில்டர் அது, தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய வடிகட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றினால், நுண்ணுயிர்கள் குடியேற வெள்ளை வெளேரென்று வாங்கிப் போட்ட செராமிக் வளையங்கள் (இவற்றைத்தான் 'மீடியா' என்கிறோம்) காபி ஃபில்டரின் அடியில் தங்கும் மண்டி மாதிரி கிடந்தன. அப்போது என் 200 லிட்டர் தொட்டியில் நைட்ரேட் 60 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 60 பங்கைத் தொட்டிருந்தது. லெதர் கோரல் என்ற மென்பவளம் வாரக்கணக்கில் சரியாக விரியவில்லை. எல்லாவற்றுக்கும் இந்த வளையங்கள்தான் காரணம் என்று முடிவுகட்டி, மூன்று தட்டு மீடியாவையும் வாளியில் கவிழ்த்துவிட்டேன். கையோடு மணலையும் பாதி அள்ளினேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கோமாளி மீன்களும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

மீடியாவை எடுக்கலாம். நான் எடுத்த விதம்தான் கோளாறு. அதற்குப் பிறகு இதே வேலையை இரண்டு தொட்டிகளில் சேதமில்லாமல் செய்திருக்கிறேன். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதல் தவறு, கை வைப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது: நைட்ரேட்டுக்கு வளையத்தின் மேல் பழி போடுவது. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. இது வளையத்தில் நடந்தாலும் பாறையில் நடந்தாலும் நீங்கள் போடும் தீனி அதேதான். வளையத்தை எடுத்தால் அந்த நைட்ரஜன் மாயமாகிவிடாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாறையின் மேற்பரப்பில் உருவாகும் நைட்ரேட் கொஞ்சம் உள்ளே ஊறினால் ஆக்சிஜன் இல்லாத பகுதி வந்துவிடும். அங்கே வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியே விடுகின்றன. தண்ணீர் வேகமாக ஓடும் கேனிஸ்டரில், சின்ன வளையத்தின் மேல் உருவாகும் நைட்ரேட் பெரும்பாலும் ஓட்டத்தோடு தொட்டிக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே நல்ல நுண்துளைப் பாறை நிறைய இருக்கும் தொட்டியில் மீடியாவை எடுத்தால் நைட்ரேட் மெல்லக் குறைய வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய லாபம், வளையங்களுக்கு நடுவே அழுகிக்கொண்டு பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் கசியவிடும் சேறு வெளியேறுவது. சேறுதான் பிரச்சினை என்றால் வளையங்களை அலசிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். எடுப்பது கட்டாயமா என்பதை அலசிய பிறகு யோசிக்கலாம்.

அடுத்தது, 'பாறையே போதும்' என்று நம்பிவிடுவது. லைவ் ராக்கையும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை) ஸ்கிம்மரையும் (நுரையோடு கழிவை வெளியேற்றும் கருவி) மட்டுமே நம்பி, தனி உயிரியல் ஃபில்டர் எதுவும் வைக்காத முறைக்குப் 'பெர்லின் முறை' என்றே பெயர். உலகம் முழுக்க எத்தனையோ தொட்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அந்தப் பேச்சு கடலிலிருந்து ஈரத்தோடு வந்த, உயிர்கள் குடியிருந்த பாறையை வைத்து வந்தது. நம் ஊர்க் கதை வேறு. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளப்பாறை எடுப்பது குற்றம். கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதனால் இங்கே பல தொட்டிகளில் இருப்பது காய்ந்த பாறை, இல்லாவிட்டால் சிமெண்டில் வார்த்த பாறை. அது 'லைவ்' ஆக மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதம்கூட ஆகாத காய்ந்த பாறை, நாலு கல் மட்டும், நிறைய மீன் என்றால் செராமிக்கைத் தொடாதீர்கள். அந்தத் தொட்டியின் கல்லீரல் அதுதான்.

'பழைய தண்ணீரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதில் பாக்டீரியா இருக்கிறதே' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தண்ணீரில் மிதப்பது சொற்பம். இந்த வேலையைச் செய்யும் உயிர்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பரப்பை ஒட்டித்தான் வாழ்கின்றன. ஒரு சுவையான தகவல்: அம்மோனியாவை உண்டு வாழும் ஆர்க்கியா (பாக்டீரியா அல்லாத இன்னொரு வகை நுண்ணுயிர்) ஒன்றை முதன்முதலில் தனியே பிரித்து வளர்த்த செய்தி 2005இல் வெளியானது. அது கிடைத்தது ஆழ்கடலில் இல்லை, அமெரிக்காவின் சியாட்டில் அக்வேரியத்தின் ஒரு தொட்டியில். நைட்ரோசோபியூமிலஸ் என்று பெயர் வைத்தார்கள். நம்மைப் போன்ற தொட்டிக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான தவறு, நான் செய்தது: எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுப்பது. எத்தனை நுண்ணுயிர் இருக்கும் என்பதை அம்மோனியாவின் அளவு தீர்மானிக்கிறது. ஒரு பகுதியை எடுத்தால், மீதி இடங்களில் இருப்பவை பெருகி அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அவை சோம்பேறிகள். குடலில் வாழும் ஈகோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அம்மோனியாவைத் தின்பவை ஒருமுறை இரட்டிப்பாக அரை நாளோ, ஒரு நாளோ, அதற்கு மேலோகூட எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் சேரும் அம்மோனியா கடல்நீரில் கூடுதல் ஆபத்து. பிஎச் 7 உள்ள நன்னீரில் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவுதான் நச்சான வடிவில் இருக்கும். பிஎச் 8.2 உள்ள நம் தொட்டியில் அது ஏறக்குறைய 7 சதவீதம். டெஸ்ட் கிட்டில் அதே எண் வந்தாலும், நன்னீர்க்காரர் தாங்கிக்கொள்வதை நாம் தாங்க முடியாது.

என் கணக்கு இது: மொத்த மீடியாவில் நாலில் ஒரு பங்கு, பிறகு இரண்டு வாரம் இடைவெளி. ஆக, முழு வேலைக்கும் ஒன்றரை மாதம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாளும் நான்காம் நாளும் அம்மோனியா பார்ப்பேன். ஏறியிருந்தால் அடுத்த பங்கைத் தள்ளிப்போடுவேன், தீனியைக் குறைப்பேன். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பச்சை நிறம் காட்டும் கிட்கள் சில, உப்புத் தண்ணீரில் ஒன்றுமே இல்லாதபோதும் லேசாகப் பச்சை காட்டும். வேலையைத் தொடங்குவதற்கு முதல் நாள் ஒருமுறை பார்த்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வரும் நிறத்தை அதோடு ஒப்பிடலாம். இல்லாவிட்டால் வீண் பதற்றம்.

சேற்றைக் கலக்கிவிடுவதும் அடிக்கடி நடப்பது. சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) இருக்கும் செராமிக் கட்டியைச் சட்டென்று தூக்கினால், அதன் மேலும் கீழும் இருந்த மண்டி முழுவதும் தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் வழியாகப் பவளங்களின் மேல் போய் விழும். முதலில் பம்பை நிறுத்துங்கள். சுற்றியுள்ள சேற்றை டியூப் வைத்து உறிஞ்சுங்கள். ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள்ளேயே மீடியாவின் அடியில் கொண்டுபோய், டப்பாவோடு வெளியே எடுங்கள். கேனிஸ்டராக இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே வேண்டாம், அதிலும் கரண்ட் போய்ச் சில மணி நேரம் ஓடாமல் இருந்த கேனிஸ்டர் என்றால். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நேராகச் சாக்கடைக்கு. கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். வளையங்களுக்குள் முள்புழுக்கள் குடியிருக்கும். அதன் மெல்லிய முட்கள் விரலில் ஏறினால் இரண்டு நாள் எரியும்.

பலர் யோசிக்காத ஒன்று உப்பு. ஆவியாகும் தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் வைத்திருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தண்ணீரில் ஊறிய மீடியாவை 6 லிட்டர் அளவுக்கு எடுத்தால், கட்டியும் அதன் துளைகளில் இருந்த உப்புத் தண்ணீரும் சேர்ந்து வெளியே போகின்றன. சம்பில் மட்டம் இறங்குகிறது. சென்சாருக்கு அது மீடியா போன இடம் என்று தெரியாது. ஆவியாகிப்போனது என்று நினைத்து ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பும். 200 லிட்டர் உள்ள அமைப்பில் 6 லிட்டர் நன்னீர் ஏறினால் உப்பு 35 பிபிடியிலிருந்து (ஆயிரத்தில் 35 பங்கு) 34 ஆகும். ஒருமுறை நடந்தால் பவளம் பொறுத்துக்கொள்ளும், நாலு பங்கையும் இப்படியே எடுத்தால் 31 பக்கம் வந்து நிற்பீர்கள். டாப்-அப்பை அணைத்துவிட்டு, எடுத்த அளவுக்கு ஏற்கெனவே கலக்கி வைத்த உப்புத் தண்ணீரை ஊற்றுங்கள், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், பிறகு டாப்-அப்பைப் போடுங்கள்.

மிச்சம் வைக்கும் மீடியாவைக் குழாயடியில் கழுவ வேண்டாம். குளோரின் ஒரு பக்கம், நன்னீரே கடல் உயிர்களுக்கு விஷம் என்பது இன்னொரு பக்கம். தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுக்கும் பழைய உப்புத் தண்ணீரில் இரண்டு முறை ஆட்டி எடுத்தால் போதும். பளபளவென்று ஆக வேண்டியதில்லை.

அதே வாரத்தில் வேறு எந்தப் புதுமையும் வேண்டாம். மணல் அள்ளுவது, புது மீன் விடுவது, ஸ்கிம்மர் மாற்றுவது எல்லாம் காத்திருக்கட்டும். இதில் என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது, மீடியா எடுத்த கையோடு பாஸ்பேட் உறிஞ்சியையும் போட்டு வோட்கா டோசிங்கையும் (பாக்டீரியாவை வளர்த்து நைட்ரேட்டைக் குறைக்க வோட்காவைச் சிறிது சிறிதாக விடுவது) தொடங்கும் பழக்கம். நைட்ரேட் 60இலிருந்து இறங்க வேண்டும்தான், ஆனால் பூஜ்ஜியத்தில் போய் விழக்கூடாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிட்டால் பவளம் வெளிறும். மணல் மேல் பழுப்பு நிறத்தில் குமிழியோடு கோழைபோல் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) படரும். பாசியை விரட்டுவது எளிது, டைனோவை விரட்டுவது பெரும்பாடு. நைட்ரேட் 5இலிருந்து 10, பாஸ்பேட் 0.03இலிருந்து 0.1 பிபிஎம் என்ற இடத்தில் இறங்கினால் அங்கேயே நிறுத்தி மூச்சு விடுங்கள். கலப்புப் பவளத் தொட்டிக்கு அது தாராளம்.

சரி, எடுத்த வளையங்களை என்ன செய்வது? வாளியில் அப்படியே விட்டால் மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், உள்ளே இருக்கும் புழுவும் ஸ்பாஞ்சும் செத்து அப்படி நாறும். ஒருநாள் வெளியில் கிடந்ததைத் திரும்பத் தொட்டியில் போடவும் கூடாது. கடைசிப் பங்கில் இரண்டு கைப்பிடியை மட்டும் நான் தனிமைத் தொட்டிக்கு மாற்றினேன். புது மீனுக்குத் தயாராக ஓடும் ஃபில்டர் இனாமாகக் கிடைத்தது. அங்கே தாமிர மருந்து போட்டுவிட்டால் அந்த வளையங்கள் திரும்பிப் பெரிய தொட்டிக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் பழைய கேனிஸ்டரில் இப்போது ஒரு கார்பன் பை மட்டும் இருக்கிறது. மாதம் ஒருமுறை திறக்கிறேன்.